அம்மை போனது, கிருமி போகவில்லை

"பெரியம்மை 1980-லேயே உலகைவிட்டு ஒழிந்தது. பயங்கரவாதிகள் அதை ஆயுதமாக்குவார்கள் என்பது வீண் பீதி. வந்தாலும் பெருநகரத்துக்குத்தான் வரும், தஞ்சைக்கு என்ன?" என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த வாதம் நிற்காது.

ஒழிந்தது நோய். கிருமி அமெரிக்காவின் அட்லாண்டாவிலும் ரஷ்யாவின் கோல்ட்சோவோவிலும் ஆய்வகங்களில் உறைநிலையில் இருக்கிறது. வேறெங்கும் இல்லை என்ற பேச்சு 2014-ல் பொய்த்தது: அமெரிக்காவின் பெதஸ்தாவில் மறந்துபோன குப்பிகள் அகப்பட்டன. 1978-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஆய்வகக் கிருமி தொற்றி ஒரு பெண் இறந்தார். சோவியத் யூனியன் இந்தக் கிருமியை ஆயுதமாகவே தயாரித்ததை அந்தத் திட்டத்தில் இருந்த கென் அலிபெக் வெளிப்படுத்தினார். பீதியாம்!

தஞ்சைக்கு என்ன என்றா கேட்கிறீர்கள்? 2028-ல் கும்பகோணத்தில் மகாமகம்; ஊரூராக மக்கள் வந்து கூடுவார்கள். தொற்றியவருக்குக் காய்ச்சல் காணவே பத்துப் பன்னிரண்டு நாளாகும். எந்த ஊரில் தொற்றினாலும் அதற்குள் அவர் எங்கெங்கோ போய் வந்திருப்பார்.

"வந்தால் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம்" என்பது அதைவிடப் பொறுப்பற்ற பேச்சு. தொற்றிய மூன்று, நான்கு நாளுக்குள் போட்டால்தான் நல்ல பலன். முதல் நோயாளியைக் கண்டுபிடிப்பது யார்? வலங்கைமான் பக்கம் ஒரு வீட்டில் 'அம்மா வந்திருக்கா' என்று வாசலில் வேப்பிலை செருகுவார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை ஆஸ்பத்திரிப் பேச்சே கிடையாது. நோயாளியை ஒதுக்கி வைக்கும் அந்த வழக்கம் நல்லதே. ஆனால் சுகாதார நிலையத்துக்குச் சேதி போகாது. போனாலும், சின்னம்மையா பெரியம்மையா என்று பிரித்தறிய வேண்டும். சின்னம்மைக் கொப்புளம் நெஞ்சிலும் முதுகிலும் மிகுந்து, ஒன்று காய ஒன்று புதிதாக அரும்பும். பெரியம்மையில் முகத்திலும் கைகாலிலும் மிகுந்து, எல்லாம் ஒரே பருவத்தில் இருக்கும். பெரியம்மையை நேரில் கண்ட செவிலியர் இன்று பணியில் இல்லை.

கடைசி வாதம் செலவு: "முதலில் டெங்குவைப் பாருங்கள்." டெங்குவைப் பிடிப்பதும் அதே கிராம சுகாதாரச் செவிலியர்தான். தடுப்பூசியால் மட்டும் இந்தியா பெரியம்மையை வெல்லவில்லை. வீடு வீடாகப் படத்தைக் காட்டித் தேடினார்கள். நோயாளியைச் சுற்றியிருந்தவர்களுக்கெல்லாம் ஊசி போட்டார்கள். 1975-ல் தகவல் சொன்னவருக்கு ஆயிரம் ரூபாய் பரிசு அறிவித்தார்கள். அந்தத் தேடும் பழக்கம் இருந்தால் எந்தத் தொற்றும் சிக்கும்.

தடுப்பூசி போடாமல் நோய் கண்டவர்களில் பத்துக்கு மூன்று பேரைக் கொன்ற நோய் இது. நாற்பது வயதுக்குக் கீழே யார் கையிலும் பெரியம்மைத் தடுப்பூசியின் தழும்பு இல்லை. பீதி வேண்டாம் என்பவர்கள், காலியாகக் கிடக்கும் செவிலியர் பணியிடங்களை நிரப்பச் சொல்லி முதலில் குரல் கொடுக்கட்டும்.