பிறருக்கு நேரும் இழப்புக்கும் காப்புறுதி வேண்டும்

2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் படகுப் பாதை கவிழ்ந்து பாடசாலை மாணவர்கள் உட்படப் பலர் உயிரிழந்தமை கிழக்கு மாகாணத்தையே உலுக்கியது. மாரிகாலத்தில் வெள்ளம் வீதியை மூடும்போது கிரானிலிருந்து புலிபாய்ந்தகல் பக்கமாகப் படகேறிச் செல்லும் மக்களுக்கு அது அயலூர்ச் செய்தி மாத்திரமல்ல.

இத்தகைய விபத்தில் நட்டஈடு வழங்குவது யார்? வீதியில் ஓடும் வாகனத்துக்கு மூன்றாந்தரப்புக் காப்புறுதி சட்டப்படி கட்டாயமாகும். கடை, அரிசி ஆலை, உணவகம் ஆகியவற்றை நடத்துவோர் பெரும்பாலும் தீக் காப்புறுதியுடன் திருப்தியடைகின்றனர். அது உரிமையாளரின் சொத்தையே காக்கின்றது. அவரது கவனக்குறைவால் வாடிக்கையாளரோ வழிப்போக்கரோ பாதிக்கப்பட்டால், நட்டஈட்டையும் வழக்குச் செலவையும் குறித்த எல்லைவரை ஏற்பது பொதுப் பொறுப்புக் காப்புறுதியாகும்.

ஆயினும், அதன் விலக்குகளை வாசித்தே ஒப்பமிட வேண்டும். ஊழியருக்கு நேரும் காயம் பொதுவாக இதில் அடங்காது. அதற்கு வேறு காப்புறுதி உண்டு. படகுப் பயணிகளுக்கும் பெரும்பாலும் தனியான காப்புறுதியே தேவைப்படும். வட்டி குறித்துத் தயங்கும் முஸ்லிம் வர்த்தகர்கள் தக்காபுல் நிறுவனங்களை அணுகலாம். இலங்கையில் அம்முறை 1999 முதல் நடைமுறையில் உள்ளது.

காப்புறுதி உயிர்காப்பு அங்கிக்கு மாற்றீடாகாது. எனினும், உழைப்பாளியை இழந்த குடும்பம் நடுத்தெருவில் நிற்பதை அது தடுக்கும். ஆகவே, பயணிகளை ஏற்றும் படகுகளுக்கு அனுமதி வழங்கும்போது பாதுகாப்பு ஏற்பாடுகளுடன் காப்புறுதிப் பத்திரத்தையும் அதிகாரிகள் கோர வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும். அடுத்த மாரிக்கு முன்னர் இது நடைபெற வேண்டும்.