திரும்பி வந்தவன் கோழையா?

கடந்த பொங்கல் விடுமுறையில் தேவாரத்திலிருந்து மூணாறு வரை தனியாக ஓடுவது என்று புறப்பட்டேன். மூன்று நாள் திட்டம். முதல் நாள் போடி வழியாக மலையடிவாரமான முந்தல். இரண்டாம் நாள் மலைச்சாலையில் ஏறிப் போடிமெட்டு. மூன்றாம் நாள் பூப்பாறை, தேவிகுளம் வழியாக மூணாறு. இரண்டாம் நாள் மாலையிலேயே திரும்பி வந்துவிட்டேன். விடுமுறை முடிந்து வகுப்புக்குள் நுழைந்தபோது கரும்பலகையில் “பாதி வீரரே, வருக!” என்று எழுதியிருந்தது. எழுதிய நண்பர் யாரென்று எனக்குத் தெரியும். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்தச் சொற்களுக்குப் பின்னால் ஒரு கருத்து ஒளிந்திருக்கிறது. எடுத்த காரியத்தை எப்பாடு பட்டாவது முடிப்பவனே வீரன், இடையில் திரும்புகிறவன் கோழை என்பதே அது. குளிரிலும் மலையிலும் அந்தக் கருத்து ஆளைக் கொல்லும் என்பது என் எண்ணம். அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

நடந்தது இதுதான். கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது உடல் நன்றாகச் சூடேறியிருந்தது. பனியன் வியர்வையில் தொப்பலாக நனைந்தது. நண்பகலுக்குப் பின் மூடுபனி இறங்கியது. கூடவே தூறலும் காற்றும். உறை குளிர் ஒன்றும் இல்லை. வீட்டு மாடியில் நின்றால் சுகமாக இருக்கும் குளிர்தான். ஓட்டத்தை நிறுத்தி அவிழ்ந்த காலணிக் கயிற்றைக் கட்டக் குனிந்தேன். விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. மூன்று முறை முயன்றும் முடிச்சு விழவில்லை. சரி, கட்டாமலேயே ஓடுவோம் என்று தோன்றியது. இன்று நினைத்தால் எனக்கு அச்சமூட்டுவது அந்த எண்ணம்தான். அப்போது அது மிகவும் சரியான யோசனையாகப் பட்டது!

சற்றுத் தொலைவில் ஒரு தேநீர்க் கடை. ஏலத்தோட்ட வேலை முடிந்து கீழே இறங்கும் ஜீப் ஒன்று அங்கே நின்றிருந்தது. அதிலிருந்த வயதான அம்மா ஒருவர் என்னைப் பார்த்து, “ஏய்யா, எந்த ஊரு நீ?” என்றார். தேவாரம் என்று சொன்னேன். என் வாயிலிருந்து வந்தது தேவாரம் இல்லை. “பேச்சு குழறுது, ஒதடு நீலம் பாரிச்சுக் கெடக்கு. இவன இப்படியே விட்டுட்டுப் போனா நம்மளுக்குத்தான் பாவம்” என்று சொல்லி என்னை இறுக்கிப் பிடித்து உட்கார வைத்தார். ஈரச் சட்டையைக் கழற்றச் சொல்லி, தம் கம்பளியைப் போர்த்தி, சர்க்கரை கூட்டிப் போட்ட தேநீரைக் கையில் கொடுத்தார். கால் மணி நேரம் கழித்துத்தான் எனக்கு நடுக்கமே தெரிந்தது. அந்த ஜீப்பிலேயே ஊர் வந்து சேர்ந்தேன்.

குளிர் முதலில் கையையும் காலையும் தாக்குகிறது; ஆனால் ஆளை வீழ்த்துவது அறிவைத் தாக்கும்போதுதான். நம் உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ். அது 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் ஆபத்து தொடங்கிவிட்டது என்று மருத்துவர்கள் கொள்கிறார்கள். முதலில் நடுக்கம், பிறகு விரல் மரத்துப் போதல், நடை தடுமாறுதல், நாக்குக் குழறுதல். ஏறக்குறைய 32 டிகிரிக்குக் கீழே நடுக்கம் நின்றுவிடும். மனம் குழம்பும். உறையும் குளிரில் புழுங்குகிறது என்று எண்ணி உடைகளைக் களைந்து எறிந்தவர்களும் உண்டு. இதற்குப் பூஜ்ய டிகிரி வேண்டியதில்லை. நனைந்த உடையும் காற்றும் களைப்பும் சேர்ந்தால் பத்து டிகிரியே போதும். நீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடல் சூட்டைக் கடத்திவிடும். அதிலும் பருத்தித் துணி நனைந்தால் காப்பாவதில்லை. கம்பளி நனைந்தாலும் ஓரளவு காக்கும்.

இவ்வளவும் புத்தகத்தில் படிக்கக் கூடியவைதான். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். ‘நான் சரியாக இருக்கிறேனா?’ என்று தீர்மானிக்க வேண்டிய அந்த அறிவுதான் முதலில் மங்குகிறது. தனியாக ஓடுகிறவனுக்கு நீதிபதியும் அவனே, குற்றவாளியும் அவனே. தீர்ப்பு எப்படி இருக்கும்?

கனடாவில் யூக்கான் ஆர்க்டிக் அல்ட்ரா என்றொரு பந்தயம் 2003 முதல் நடைபெறுகிறது. உறைபனியில் உணவையும் படுக்கையையும் சறுக்கு வண்டியில் வைத்து இழுத்துக்கொண்டு பல நூறு கிலோமீட்டர், பல நாள் போக வேண்டும். 2018-இல் இத்தாலியின் ராபர்டோ சாண்டா அதில் கலந்துகொண்டார். பாலைவனங்களிலும் ஓடித் தேர்ந்த அனுபவசாலி. கடுங்குளிரில் அவர் பாதையையும், தம் உயிர்ப் பொருள்கள் அனைத்தும் இருந்த வண்டியையும் விட்டு விலகிப் போய்விட்டார். தேடிக் கண்டுபிடித்தவர்கள் உயிரைக் காப்பாற்றினார்கள். ஆனால் இரு பாதங்களையும் ஒரு கையையும் அவர் இழக்க நேர்ந்தது.

சீனாவின் கான்சு மாநிலத்தில் 2021 மே 22 அன்று நடந்த நூறு கிலோமீட்டர் மலை ஓட்டம் இன்னும் பெரிய சோகம். திடீரென்று ஆலங்கட்டியும் குளிர் மழையும் பெருங்காற்றும் வந்தன. 172 பேர் ஓடிய பந்தயத்தில் 21 பேர் இறந்தார்கள். நாட்டின் தலைசிறந்த ஓட்டக்காரர்களும் அவர்களில் இருந்தனர். அதே மலையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த சூ கெமிங் என்பவர் ஒரு குகையில் தீ மூட்டி ஆறு பேரைக் காப்பாற்றினார். ஓடியவர்களிடம் பலம் இருந்தது. மேய்ப்பவரிடம் மலையைப் பற்றிய அறிவு இருந்தது.

இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு என் அம்மாவின் நினைவு வந்தது. அம்மா ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போகிறவர். விடியுமுன் ஜீப்பில் ஏறி மலைக்குப் போய் அந்தி சாயும்போது இறங்குகிறார். பனியிலும் சாரலிலும் நாளெல்லாம் குனிந்து நின்று வேலை செய்யும் அவருக்கு யாரும் பதக்கம் கொடுத்ததில்லை. அவர்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஏறும்போது தலை எண்ணுவார்கள். இறங்கும்போதும் தலை எண்ணுவார்கள். 11 பேர் போனால் 11 பேர் வர வேண்டும். ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் மற்றவர்களே “நீ இரு, வேலை பாக்க வேணாம்” என்று உட்கார வைத்துவிடுவார்கள். அன்று நான் புறப்பட்டபோது அம்மா, “குரங்கணியை மறந்துட்டியா?” என்று மட்டும் கேட்டார். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி, மலையேற வந்தவர்கள் 20-க்கும் மேற்பட்டோர் மாண்டதை இந்த வட்டாரத்தில் யார் மறக்க முடியும்? “அது நெருப்பும்மா, இது பனி” என்று கேலியாகப் பதில் சொன்னேன். மலை எந்த ரூபத்தில் வந்தாலும் மலைதான் என்பதை மறுநாள் தெரிந்துகொண்டேன்.

“இப்படி உயிருக்கு அஞ்சினால் உலகில் சாதனை ஏது?” என்று நண்பர் கேட்கலாம். நியாயமான கேள்வி. சாதனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சூஃபியா என்ற பெண்மணி 2019-இல் காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை 87 நாட்களில் ஓடி வந்தார். 2021-இல் மணாலியிலிருந்து லே வரை, ஐயாயிரம் மீட்டருக்கும் உயரமான கணவாய்களைக் கடந்து ஓடினார். ஓடிய கால்கள் அவருடையவை மட்டுமே. ஆனால் அவருக்கென ஒரு துணைக்குழு உடன் இருந்தது. அதனால் அவர் பெருமை குறைந்துவிட்டதா? இல்லையே!

வல்வெட்டித்துறை தந்த ஆழிக்குமரன் ஆனந்தன் 1971-இல் பாக் நீரிணையைப் போகவும் வரவும் ஒரே மூச்சில் நீந்தி, 51 மணி நேரத்தில் முடித்தார். அவரே 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயின் குளிர்ந்த நீரில் நீந்தும்போது உயிர் நீத்தார். அந்தப் பெருவீரரைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அவர் இன்னும் பல ஆண்டுகள் இருந்து இளைஞர்களுக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்திருக்கக் கூடாதா என்ற ஏக்கம் மட்டும் உண்டு.

ஆகவே என் கருத்து இதுதான். திரும்புவது என்ற முடிவை, அறிவு தெளிவாக இருக்கும்போதே, வீட்டு வாசலிலேயே எடுத்துவிட வேண்டும். ‘காலணிக் கயிறு கட்ட முடியவில்லையா, திரும்பு. உடை நனைந்து மாற்று உடை இல்லையா, திரும்பு. நான்கு மணிக்குள் இன்ன இடம் சேரவில்லையா, திரும்பு’ என்று தாளில் எழுதி, அதன் பிரதியை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். இதற்குக் கால் பலத்தைவிட அதிகமான மன பலம் வேண்டும். ஏனென்றால் திரும்பி வந்தவனுக்காகக் கரும்பலகை காத்திருக்கும்!

நம் கல்லூரியில் பாதிக்கு மேற்பட்டோர் மலையடிவாரத்துப் பிள்ளைகள். பாம்புக் கடிக்கும் தீக்காயத்துக்கும் முதலுதவி கற்றுத் தரும் நம் முகாம்களில் குளிர் தாக்கியவருக்கான முதலுதவியையும் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஈரத்தைக் களை, காற்றை மறை, போர்த்து, நினைவோடு இருந்தால் இனிப்பான சூடான பானம் கொடு, தனியே விடாதே, மருத்துவரிடம் கொண்டு செல். அந்த அம்மாவுக்கு இவை அனைத்தும் தெரிந்திருந்தன. பட்டப்படிப்பு படிக்கும் எனக்குத் தெரியவில்லை.

வரும் தை மாதம் மறுபடியும் ஓடப் போகிறேன். இம்முறை என் பையில் கம்பளிச் சட்டையும், பின்னால் மோட்டார் சைக்கிளில் ஒரு துணையும் இருக்கும். அந்தத் துணைக்கு வேறு யாரையும் தேடவில்லை. கரும்பலகையில் எழுதிய அந்த நண்பரையே கேட்டிருக்கிறேன். வருவதாகச் சொல்லியிருக்கிறார். மூணாறு போய்ச் சேர்வோமா என்பது எனக்குத் தெரியாது. இரண்டு பேர் போனால் இரண்டு பேர் திரும்பி வருவோம். அம்மா வாசலில் நின்று தலை எண்ணுவார்.