சம்பளம் வாங்காத வாத்தியார்கள்

மளிகைக் கடையில் வேலை பார்க்கும் பையனுக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எதற்கு என்று நமது உறுப்பினர்கள் சிலர் கேட்கிறார்கள். காசு வாங்காமல் அதை இணையத்தில் சொல்லிக் கொடுக்கிறவர்களுக்கு என்ன லாபம் என்றும் கேட்கிறார்கள். இரண்டும் நியாயமான கேள்விகளே. லாபத்தை வியாபாரி கேட்காமல் வேறு யார் கேட்பது? ஆனால் கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் வருவதற்கு முன்பே பையனின் செல்போனை வாங்கிக் கல்லாவில் வைத்துப் பூட்டுவது நியாயம் ஆகாது. அப்படிப் பூட்டிய கடையையும் நாம் அறிவோம்.

இந்த வகுப்புகள் எப்படி நடக்கின்றன என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கில் நாமெல்லாம் கடையைப் பாதி நேரம் திறந்து மீதி நேரம் அடைத்து வைத்திருந்தபோது, அமெரிக்காவில் கலிபோர்னியாவில் உள்ள ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ் பீச், மெஹ்ரான் சஹாமி என்ற இரண்டு ஆசிரியர்கள் ஒரு காரியம் செய்தார்கள். தங்கள் கல்லூரியில் புரோகிராம் எழுதத் தெரியாதவர்களுக்கு நடத்தும் ஆரம்பப் பாடத்தின் முதல் பாதியை, உலகத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம் என்று திறந்துவிட்டார்கள். ‘கோட் இன் பிளேஸ்’ என்று அதற்குப் பெயர். படிக்க வந்தவர்கள் 10,000 பேருக்கு மேல். சொல்லிக் கொடுக்கத் தாமாக முன்வந்தவர்கள் 900 பேருக்கு மேல். பொதுப் பாடத்தை வீடியோவில் பார்த்துக்கொள்ள வேண்டும். வாரம் ஒரு முறை, ஏறக்குறைய பத்துப் பேருக்கு ஒருவர் என்ற கணக்கில், அந்தத் தொண்டர்கள் உட்கார்ந்து சந்தேகம் தீர்ப்பார்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது.

இதில் நமக்குப் பிடித்தது அந்தப் பத்துப் பேர் கணக்குதான். பத்தாயிரம் பேருக்கு ஒருவர் பேசினால் அது பொதுக்கூட்டம். பத்துப் பேர் என்றால்தான் யாருக்குப் புரிந்தது, யார் புரிந்த மாதிரி தலையாட்டுகிறான் என்பது தெரியும்.

அங்கே ஆரம்பப் பாடம் எது தெரியுமா? கட்டம் போட்ட தரையில் நடக்கும் ‘காரெல்’ என்ற ஒரு கம்ப்யூட்டர் பொம்மை. அதற்கு முன்னால் நடக்கத் தெரியும், இடது பக்கம் திரும்பத் தெரியும், தரையில் கிடப்பதை எடுக்கவும் வைக்கவும் தெரியும். வலது பக்கம் திரும்பத் தெரியாது. மாணவன்தான் யோசித்து, மூன்று முறை இடது பக்கம் திரும்பினால் அது வலது பக்கம் ஆகிவிடும் என்று கண்டுபிடித்து, அதற்கு ஒரு பெயர் வைத்து எழுதிக் கொடுக்க வேண்டும். தெரிந்த நாலு காரியத்தை வரிசையாக அடுக்கித் தெரியாத ஐந்தாவது காரியத்தைச் செய்ய வைப்பதுதான் புரோகிராம். புதிதாகச் சேர்ந்த பையனிடம், “முதலில் சாக்கைப் பிரி, அப்புறம் சலி, அப்புறம் எடை போடு, அப்புறம் கட்டு” என்று சொல்லி வேலை வாங்குகிற நமக்கு இதில் அந்நியமானது எதுவும் இல்லை.

நமது தமிழ்நாட்டிலும் இந்தத் தொண்டு நடக்கிறது. ‘கணியம்’ என்ற அமைப்பு 2012 முதல் கணினி விஷயங்களைத் தமிழில் எழுதி இலவசமாக வெளியிட்டு வருகிறது. பைத்தான் என்ற கணினி மொழியைத் தமிழிலேயே இணையவழியில் நடத்தியும் இருக்கிறது. விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழு என்று ஒன்று, கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லாமல் பயிற்சி கொடுத்து வருகிறது. பகலில் கம்பெனி வேலை பார்த்துவிட்டு இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் பாடம் நடத்தும் இளைஞர்கள் இன்னும் பல ஊர்களில் இருக்கிறார்கள்.

சரி, மளிகைக் கடைக்கு இதனால் என்ன? கண்ணால் பார்த்ததைச் சொல்கிறோம்.

2025 செப்டம்பர் 22, நவராத்திரி ஆரம்பித்த திங்கட்கிழமை, ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறியது எல்லோருக்கும் நினைவிருக்கும். 12 சதவீதத்தில் இருந்த நெய், வெண்ணெய், ஜாம் எல்லாம் 5 ஆயிற்று. 18-ல் இருந்த பிஸ்கட், பற்பசை, ஷாம்பு, குளியல் சோப்பு எல்லாமும் 5 ஆயிற்று. நமது கடைப் பட்டியலில் ஆயிரத்து எண்ணூறு சரக்குகள். பில் போடும் சாப்ட்வேர் விற்றவரைக் கூப்பிட்டால் (பெயர் வேண்டாம்), “வருடாந்திரப் பராமரிப்புக் கட்டணம் பாக்கி இல்லையென்றாலும் இதற்குத் தனிக் கட்டணம், அதுவும் மூன்று நாள் கழித்துத்தான் ஆள் வரும்” என்றார். நவராத்திரி வியாபாரத்தில் மூன்று நாள் என்றால் என்னவென்று சில்லறைக் கடைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொன்றாகக் கையால் மாற்றினால் இரண்டு ஆட்களுக்கு இரண்டு நாள் வேலை. தப்பும் வரும்.

நமது கடையில் சரக்குக் கணக்குப் பார்க்கும் தம்பி ஒருவன். இருபத்திரண்டு வயது, பன்னிரண்டாம் வகுப்பு வரை படிப்பு. ஆறு மாதமாக இணையத்தில் இலவசமாகப் பைத்தான் படித்துக்கொண்டிருந்தான். அவன் பட்டியலை எக்செல் தாளாக இறக்கி, முதல் வேலையாக ஒரு நகல் எடுத்துத் தனியாக வைத்துவிட்டு, இருபது வரி எழுதினான். பட்டியலில் உள்ள ஒவ்வொரு சரக்கையும் பார், பெயரில் நெய் என்று இருந்தால் 5 போடு, சோப்பு என்று இருந்தால் 5 போடு, இப்படி. சனிக்கிழமை இரவு வகுப்பில் அதைத் தன் வாத்தியாரிடம் காட்டினான். பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் பெண் அவர். நமது ஊர்க்காரரும் இல்லை, மளிகை வியாபாரமும் தெரியாதவர். திரையில் ஓடிய பட்டியலைப் பார்த்துவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: “சோப்புத் தூளும் சோப்புதானா தம்பி?”

அங்கேதான் விஷயம் இருக்கிறது. குளியல் சோப்புக் கட்டிதான் 5-க்கு வந்தது. சோப்புத் தூள் 18-லேயே நின்றது. பெயரை வைத்துத் தேடினால் இரண்டும் ஒன்றாக மாட்டும். தெரியாமல் 5 போட்டு விற்றிருந்தால் மீதி 13 சதவீதம் கைக்காசு. அபராதமும் வட்டியும் வேறு. பெயரை விட்டுவிட்டு எச்.எஸ்.என். எண்ணை வைத்துப் பிரி என்பது அந்தத் தம்பிக்கே தோன்றிவிட்டது. குளியல் சோப்பு 3401, சோப்புத் தூள் 3402. இரவோடு இரவாக மாற்றினான். ஞாயிற்றுக்கிழமை நாமும் கணக்குப்பிள்ளையும் உட்கார்ந்து சரக்கு வாரியாகச் சரிபார்த்தோம். திங்கட்கிழமை காலை முதல் பில் புது விகிதத்தில் போயிற்று.

இப்போதெல்லாம் செயற்கை நுண்ணறிவு என்று ஒன்று வந்துவிட்டது, கேட்டால் அதுவே புரோகிராம் எழுதிக் கொடுத்துவிடும், பையன் எதற்குப் படிக்க வேண்டும் என்று நமது மருமகப்பிள்ளை கேட்டார். எழுதிக் கொடுக்கும், மறுக்கவில்லை. அது எழுதியதில் சோப்புத் தூள் எங்கே போய் விழுந்தது என்று பார்க்க ஒரு ஆள் வேண்டாமா? கால்குலேட்டர் வந்த பிறகும் கூட்டல் தெரியாதவனைக் கல்லாவில் உட்கார வைக்க மாட்டோம்.

உறுப்பினர்கள் வெளியே சொல்லும் காரணங்கள் பல. உள்ளே இருக்கும் காரணம் ஒன்றுதான்: “கற்றுக்கொண்டால் போய்விடுவான்.” இந்தப் பயம் புதிதல்ல. 1970-களின் கடைசியில் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு நாம் மண்டியில் சேர்ந்தபோது, பொட்டலம் மடிக்கவும், நூல் சுற்றவும், மிளகாய் மூட்டையில் கையை விட்டு ஈரம் பார்க்கவும் சொல்லிக் கொடுத்தவர் நமக்கு மூன்று வருடம் முன்னால் சேர்ந்த ஒரு அண்ணாச்சி. நாள்வழியிலிருந்து பேரேட்டுக்குப் பற்று வரவு ஏற்றச் சொல்லிக் கொடுத்தவர் கணக்குப்பிள்ளை. கடை அடைத்த பிறகு, அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில், தன் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு சொல்லிக் கொடுத்தார். அதற்காக முதலாளி அவருக்கு ஒரு ரூபாய் சேர்த்துக் கொடுக்கவில்லை. ஏழெட்டு வருடம் உழைத்தவனுக்கு முதலாளியே சரக்கைக் கடனாகக் கொடுத்துத் தனிக்கடை வைத்துக் கொடுப்பதும் நமது தொழிலில் இருந்த வழக்கம். நம்மிடம் தொழில் பழகிப் போன ஆறு பேர் இன்றைக்கு நம்மிடமே சரக்கு எடுக்கிறார்கள். போனவர்களால் நமக்கு வந்த நஷ்டம் என்னவென்று பேரேட்டைப் புரட்டிப் பார்த்தால் ஒரு வரியும் இல்லை.

புரோகிராம் கற்றுப் போகிறவன் நம்மிடம் சரக்கு எடுக்க வர மாட்டான் என்பது உண்மைதான். போகட்டும். கற்றுக்கொள்ளாதவனும் இருக்கப் போவதில்லை. சூப்பர் மார்க்கெட்டுக்கோ, பத்து நிமிடத்தில் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் கம்பெனிக்கோ ஒரு நாள் போகத்தான் போகிறான். நமக்கு உள்ள கவலை வேறு. அந்தக் கம்பெனிகளிடம் எந்தத் தெருவில் எந்தச் சரக்கு எந்த நாளில் ஓடுகிறது என்ற கணக்கு விரல் நுனியில் இருக்கிறது. நம்மிடமும் அதே கணக்கு இருக்கிறது. பில் போடும் கம்ப்யூட்டருக்குள் பூட்டிக் கிடக்கிறது. சாவி சாப்ட்வேர் விற்றவரிடம் இருக்கிறது. நமது சரக்கின் கணக்கைப் பார்க்க நாம் அடுத்தவனுக்கு மூன்று நாள் காத்திருக்கும் நிலை எத்தனை காலத்துக்கு?

சொல்லிக் கொடுப்பவருக்கு என்ன லாபம் என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். அடுத்தவனுக்கு விளக்கும்போதுதான் தனக்கே சரியாகப் புரிகிறது என்று அவர்கள் சொல்கிறார்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இந்தத் தொண்டும் ஒரு தகுதியாக நிற்கிறது. சிலர் சான்றிதழுக்காகவே வருகிறார்கள். வந்துவிட்டுப் போகட்டும், பாடம் நடந்தால் சரி. நமக்கு வருத்தம் தருவது ஒன்றுதான். ஆர்வத்தில் பெயர் கொடுத்துவிட்டு நாலாவது வாரம் காணாமல் போகும் வாத்தியார்கள். லோடு ஏற்றிவிட்டதாகச் சொல்லி வராத லாரி மாதிரி, பத்துப் பேரும் திரைக்கு முன்னால் காத்துக்கிடப்பார்கள். ஒரு முறை ஏமாந்தவன் மறுபடி வர மாட்டான். முடியாது என்றால் முதலிலேயே சொல்லிவிடுவது உத்தமம்.

படிக்க வருகிறவர்களிலும் பலர் நடுவில் நின்றுவிடுகிறார்கள். அதற்கு நாமே பெரும்பாலும் காரணம் என்பது நமது அபிப்பிராயம். இரவு பத்து மணிக்குக் கடை அடைத்துவிட்டு, செல்போனின் சின்னத் திரையில், இரைச்சலுக்கு நடுவே யார் படிக்க முடியும்? புரோகிராம் எழுத விசைப்பலகை வேண்டும். நமது கடைகளில் ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் கம்ப்யூட்டர் சும்மாதான் இருக்கிறது. மூன்று மணி முதல் ஐந்து மணி வரை அதைப் பையனுக்குக் கொடுத்தால் மின்சாரக் கட்டணம் ஒன்றும் ஏறிவிடாது. ஒரு எச்சரிக்கை மட்டும்: பாக்கிதாரர்களின் பெயரும் போன் நம்பரும் உள்ள கணக்கை வகுப்பில் காட்டக் கூடாது என்று முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். பழகுவதற்குச் சரக்குப் பட்டியல் போதும்.

அடுத்து, நமது பிள்ளைகள். சங்க உறுப்பினர்களில் கம்ப்யூட்டர் கம்பெனியில் பிள்ளை வேலை பார்க்காத வீடு குறைவு. சென்னையிலும் பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். கோயில் கொடைக்கு மறக்காமல் பணம் அனுப்புகிறார்கள், சந்தோஷம். அவர்களிடம் வாரத்துக்கு ஒரு மணி நேரம் கேட்கலாம். பொட்டலம் என்றால் என்ன, சிப்பம் என்றால் என்ன, பாக்கி என்றால் என்ன என்று அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவர்கள். தமிழில் சொல்லிக் கொடுப்பார்கள். பைத்தான் தனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் ஆங்கிலச் சொற்கள் மொத்தமே முப்பத்தைந்து சொச்சம். தினமும் கம்பெனிச் சரக்குகளின் பெயரை ஆங்கிலத்தில் படித்து அடுக்கும் பையனுக்கு அது பாரமே அல்ல. மிரட்டுவது பாடத்தை நடத்தும் ஆங்கிலம்தான்.

சங்கத்துக் கட்டடத்து மாடி அறையில் மூன்று கம்ப்யூட்டர்கள் உறை போட்டபடி இருக்கின்றன. ஆறு கடைப் பையன்கள், பத்து வாரம், பாடம் சொல்ல இரண்டு பேர் என்று ஆரம்பிக்கலாம் என்பது நமது யோசனை. இரண்டு பேர் ஏன் என்றால், ஒருவர் வர முடியாத வாரம் மற்றவர் வரட்டும். அடுத்த செயற்குழுவில் இதை எழுத்து மூலமாக வைக்கிறோம். பையன்களை அனுப்பச் சம்மதிக்கிறவர்களும், சொல்லிக் கொடுக்கப் பிள்ளைகள் இருக்கிறவர்களும் அதற்கு முன் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். பிள்ளைகளின் பெயரைக் கொடுக்கும் முன் அவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.