கணக்கு நோட்டு பேசட்டும்!



'உங்கள் கொள்கை என்ன?' என்று கேட்டால் நம் இளைஞர்கள் தயங்குவதே இல்லை. வட்டி ஹராம், வரதட்சணை கொடுமை, வியாபாரத்தில் நேர்மை வேண்டும் என்று சரளமாகச் சொல்லி விடுகிறார்கள். சுவரொட்டியும் ஒட்டுகிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் ஒருவருடைய கொள்கை எது என்பது பணம் கைமாறும் இடத்தில்தான் தெரிய வரும்.

மதீனாவின் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்து விட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்றும் அறிவித்து விட்டார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி இது. அந்த வியாபாரியின் தொழுகையைப் பற்றி அங்கே பேச்சே எழவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக் கொள்ளச் சொல்லும் 2:282 வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமானது. சிரமப்படும் கடனாளிக்கு அவகாசம் கொடுக்கச் சொல்கிறது 2:280. நாமோ 'நமக்குள் என்ன எழுத்து?' என்று துண்டுச்சீட்டு கூட இல்லாமல் கொடுத்து விட்டு, பிறகு பள்ளிவாசலில் ஒரே ஸஃப்பில் முகம் பார்க்காமல் நிற்கிறோம்.

வரதட்சணைக்கு வருவோம். மஹரைப் பெண்களுக்கு மனமுவந்து கொடுக்கச் சொல்கிறது 4:4. நாட்டுச் சட்டமும் 1961லேயே வரதட்சணையைத் தடை செய்து விட்டது. ஆனாலும் மேடையில் முழங்கிய தம்பியின் திருமணத்தில் நகையும் பைக்கும் வந்து இறங்குகின்றன. கேட்டால், 'அவர்களாகப் பிரியப்பட்டுத் தந்தார்கள்', 'உம்மா பேச்சைத் தட்ட முடியவில்லை' என்கிறார். ஊர்ப் பிரச்சினை அத்தனைக்கும் குரல் கொடுப்பவருக்குத் தன் நிக்காஹ்வில் மட்டும் வாய் அடைத்துப் போவது ஏன்?

இன்றிரவு கடையைக் கட்டிய பிறகு கணக்கு நோட்டை எடுங்கள். எவ்வளவு நஷ்டம் வந்தாலும் விட்டுத் தர மாட்டேன் என்று நீங்கள் கருதும் மூன்று விஷயங்களை ஒரு தாளில் எழுதுங்கள். கடந்த ஓராண்டில் அவற்றுக்காக எந்த லாபத்தை விட்டீர்கள் என்று எதிரே எழுதுங்கள். ஒன்றுமே எழுத வரவில்லையா? திருமணத்தில் கை நீட்டி வாங்கியவர்கள் அதைத் திருப்பிக் கொடுப்பதில் தொடங்கலாம். தவணையாகக் கொடுத்தாலும் மாமனார் மறுக்கப் போவதில்லை.