தலையை எண்ணினர், வாக்கைப் பறித்தனர்

நெல் வாங்குவதற்கு ஒரு கொத்தும் விற்பதற்கு வேறொரு கொத்தும் வைத்திருக்கும் வியாபாரியை நம் கமக்காரர் நன்கு அறிவர். இத்தீவின் பாராளுமன்ற ஆசனங்கள் பங்கிடப்பட்ட வரலாற்றைப் படிப்போருக்கு அந்த வியாபாரியின் நினைவு வராமற் போகாது. ஆட்களை எண்ணுவதா, பிரசைகளை எண்ணுவதா, வாக்காளரை எண்ணுவதா என்ற கேள்விக்கு இந்நாட்டுச் சட்டம் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விடை பகர்ந்திருக்கிறது. கொத்து மாறிய ஒவ்வொரு தடவையும் நட்டக் கணக்கு நம் பக்கத்திலேயே எழுதப்பட்டது.

சோல்பரி அரசியற்றிட்டம் வகுத்த முறை சிக்கலற்றது. ஒரு மாகாணத்தில் வாழும் ஒவ்வொரு 75,000 பேருக்கும் ஓர் ஆசனம். ஒவ்வோர் ஆயிரம் சதுர மைல் நிலப்பரப்புக்கும் மேலதிகமாக ஓர் ஆசனம். பரப்புக்கென ஒதுக்கப்பட்ட 25 ஆசனங்களில் வடக்குக்கு 4, கிழக்குக்கு 4, மேல் மாகாணத்துக்கு 1. சிறுபான்மையினருக்கு இது ஒரு காப்பென்று அன்று கூறப்பட்டது. 1947 இல் தெரிவு செய்யப்பட்ட 95 ஆசனங்களில் வடமாகாணத்தின் பங்கு 9.

இங்கே ‘வாழும் பேர்’ என்பதைக் கவனித்தல் வேண்டும். மாகாணத்துக்கு ஆசனம் வழங்குகையில் பிரசைகள் மட்டும் என்று சட்டம் சொல்லவில்லை. 1946 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இந்திய வம்சாவளித் தமிழர் ஏறக்குறைய 7 இலட்சத்து 80 ஆயிரம் பேர். தோட்டங்களில் வாழ்ந்த அம்மக்களின் தலைகளும் மத்திய, ஊவா, சப்பிரகமுவ மாகாணங்களின் கணக்கிற் சேர்ந்தன. அது நியாயமே. வாக்கும் அவர்களுக்கு இருந்தது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது.

அடுத்து நடந்ததை அநீதி என்று மட்டும் சொல்லி விட்டுவிட முடியாது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், அதே ஆண்டின் 48 ஆம் இலக்கத் தேர்தற் திருத்தச் சட்டம் ஆகிய மூன்றும் சேர்ந்து அம்மக்களின் பிரசாவுரிமையையும் வாக்கையும் பறித்தன. 1952 தேர்தலில் அந்த ஏழு ஆசனங்களில் ஒன்றேனும் அவர்களுக்கு மிஞ்சவில்லை. ஆனால் அவர்களின் தலைகளைக் காட்டிப் பெற்ற ஆசனங்கள் எங்கும் போகவில்லை! அவை அந்தந்த மாகாணங்களிலேயே இருந்தன. அயற்கிராமங்களின் சிங்கள வாக்காளருக்கு உரியனவாயின. 1953 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் மலையகத் தமிழரின் தொகை 9 இலட்சத்து 74 ஆயிரம். 75,000 பேருக்கு ஒன்றென வகுத்தால் ஏறக்குறைய 13 ஆசனங்கள். அவற்றை ஈட்டித் தந்தவர்களுள் மிகப் பெரும்பாலானோர்க்கு வாக்குச் சாவடியின் வாசலை மிதிக்கும் உரிமை இல்லை.

1959 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கத் திருத்தம் இதனை ஒரு முறையாகவே ஆக்கிவிட்டது. மாகாணத்துக்கு எத்தனை ஆசனம் என்று தீர்மானிக்கும்போது சகல ஆட்களும் எண்ணப்படுவர். மாகாணத்துக்குள் தொகுதிகளைப் பிரிக்கும்போது பிரசைகள் மட்டுமே எண்ணப்படுவர். ஒரே சட்டத்துக்குள் இரண்டு கொத்து! சட்டம் பயின்றவன் என்ற முறையில் அதை வரைந்தவரின் சாமர்த்தியத்தை வியக்கலாம். அவரது நீதியுணர்ச்சியை வியப்பதற்கில்லை.

நம்மவரின் பங்கையும் மறைத்தலாகாது. 1948 பிரசாவுரிமைச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த ஜி. ஜி. பொன்னம்பலம் அவர்கள், மந்திரிப் பதவி ஏற்றபின் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தை ஆதரித்தார். செல்வநாயகம் அவர்கள் பிரிந்து சென்று 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியை நிறுவியதற்கு இந்தப் பிளவே வழிகோலியது. மலையகத்தாரின் வாக்கு போனால் நமக்கென்ன என்று வடக்கில் எண்ணியிருந்தோர் அன்று பலர். எஞ்சிய நாடற்றோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டங்கள் 1988 இலும் 2003 இலுமே வந்தன. ஐம்பத்தைந்து ஆண்டுகள்!

நிற்க. 1978 யாப்பு ஆளை எண்ணுவதையே கைவிட்டது. பதியப்பட்ட வாக்காளரின் மொத்தத் தொகையை 160 ஆல் வகுத்து, வரும் ஈவுக்கு ஓர் ஆசனம் என்பது இப்போதைய விதி. 2024 இல் அந்த ஈவு ஏறக்குறைய 1 இலட்சத்து 7 ஆயிரம். வாக்கற்றோரின் தலையைக் காட்டி ஆசனம் பெறும் பழைய தந்திரம் இதனால் ஒழிந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆயினும் பிள்ளைகள் கணக்கிலிருந்து வீழ்ந்தனர். பதிவு தவறிய ஏழையும் இடம்பெயர்ந்தவனும் வீழ்ந்தனர். பரப்பின் ஈடோ உருமாறியது. சதுர மைலைப் பாராமல் ஒவ்வொரு மாகாணத்துக்கும் 4 ஆசனம். அன்று 1 பெற்ற மேல் மாகாணமும் இன்று 4. பரந்து கிடக்கும் வடக்கும் 4. இந்த நான்கும் இல்லையேல் நம் நிலை இன்னும் மோசமாகும்; ஆனால் இதனைப் பரப்புக்கான ஈடு என்று அழைப்பது பொருந்தாது.

விளைவை இலக்கங்களே சொல்லட்டும். 1977 இல் 168 ஆசனங்களில் வடமாகாணத்துக்கு 14. 2024 இல் 225 இல் 12. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் 1989 இல் 11 உறுப்பினரை அனுப்பியது. 2010 இல் 9. 2015 இல் 7. 2024 இல் 6. யுத்தமும் புலப்பெயர்வும் பெருங்காரணங்கள் என்பதை எவரும் மறுக்கார். கடல் கடந்து குடியேறியோரின் பெயர்களை இடாப்பிலிருந்து நீக்கியதையும் குறைகூற இயலாது. யாழ்ப்பாண இடாப்பில் 2010 இல் இருந்த 7 இலட்சத்து 21 ஆயிரம் பெயர்கள் 2015 இல் 5 இலட்சத்து 29 ஆயிரமாகின. ஆனால் உயிரோடு ஊரில் இருந்தும் பெயர் இல்லாதவர் எத்தனை பேர் என்று நம்மில் யாரேனும் வீடுவீடாகச் சென்று பார்த்ததுண்டா? கிழக்கில் தொகுதி எல்லைகள் வரையப்பட்ட விதமோ தனியே எழுதப்படவேண்டிய கதை.

தேர்தல் முறையைத் திருத்துவோம் என்று கொழும்பில் எவர் புறப்பட்டாலும் நம் பிரதிநிதிகள் முதலிற் கேட்கவேண்டியது இதுவே: ஆசனப் பங்கீட்டுக்கு எண்ணப்படுவது வாக்காளரா, மனிதரா? மனிதர் என்பதே நம் விடை. பிரசாவுரிமை இன்று மலையகத்தாருக்கும் கிட்டியிருப்பதால், மனிதரை எண்ணினால் வாக்கற்றவரின் தலையில் ஆசனம் ஏறும் என்ற பழைய அச்சத்துக்கு இடமில்லை. மெய்யான நிலப்பரப்புக்குரிய ஆசனங்களையும் அத்துடன் சேர்த்துக் கேட்கவேண்டும்.

அதுவரை இடாப்பே ஆசனம். கிராம அலுவலர் கொண்டுவரும் படிவத்தை வாங்கி மேசையில் வைத்துவிட்டுப் பின்னர் மறந்துபோகும் உத்தியோகத்தர் வீடுகளை நாம் கண்டிருக்கிறோம்; வயலுக்குப் போன நேரத்தில் அவர் வந்து திரும்பிவிட்டதாகச் சொல்லும் கமக்காரரையும் கண்டிருக்கிறோம். திருத்தப்பட்ட இடாப்பு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும் நாட்களில் ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு சட்டத்தரணியோ ஆசிரியரோ அதைக் கையில் எடுத்து, ஒழுங்கை ஒழுங்கையாகப் பெயர்களை ஒப்புநோக்கவேண்டும். விடுபட்டவருக்குக் கோரிக்கை மனுவை எழுதிக் கொடுத்து, உரிய அலுவலகத்துக்கு அவருடன் கூடவே போகவேண்டும். இந்த ஆண்டே தொடங்கலாம்.