கேள்வியைக் கேட்டு முடிந்தது. பதிலை யார் கணக்கெடுப்பது?

தொழிலாளத் தோழர்களே,

பாராளுமன்றத்தில் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் எழுந்து, "நுவரெலியா மாவட்டத்துக்குக் கைத்தொழில் வலயம் எப்போது வரும்? தோட்டப் பாதைகளை யார் போடுவது? ஒதுக்கிய பணம் எங்கே போனது?" என்று கேட்டால், அன்று இரவே அந்தப் பேச்சு நம் கைபேசிக்கு வந்துவிடுகிறது. மறுநாள் பெரட்டுக்களத்தில் அதுதான் பேச்சு. "நம்ம ஆள் நல்லா கேட்டார்" என்று ஒரு பக்கம். "இவர் அமைச்சராக இருந்தபோது என்ன செய்தார்?" என்று இன்னொரு பக்கம். இரண்டு நாளில் எல்லாம் அடங்கிவிடும். அமைச்சர் என்ன பதில் சொன்னார் என்று மட்டும் யாரும் விசாரிப்பதில்லை.

பாராளுமன்றத்தில் கேட்கப்படும் கேள்வி நமக்குப் பெரிய ஆயுதம். ஆனால் பதிலைக் குறித்து வைத்து, தவணை பார்த்துத் திரும்பக் கேட்க ஆளில்லாவிட்டால் அது வெறும் பேச்சு. அந்த வேலையை உறுப்பினர் ஒருவரே செய்துவிட முடியாது. தோட்டத்தில் இருக்கும் நாமும் சேர்ந்துதான் செய்ய வேண்டும்.

கேள்வி கேட்க ஆளில்லாத காலம் எப்படி இருந்தது என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். 1947 தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸ் சார்பில் 7 பேர் பாராளுமன்றத்துக்குத் தெரிவானார்கள். எஸ். தொண்டமான், கே. இராஜலிங்கம், தலவாக்கலைக்கு சி. வி. வேலுப்பிள்ளை என்று எதிரணியில் இருந்து நம் குறையைப் பேசினார்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அடுத்து வாக்குரிமையும் போனது. 1952 தேர்தலில் நம் வாக்கில் ஒருவரும் உள்ளே போக முடியவில்லை. நியமன உறுப்பினர் வந்தார்கள். ஆனால் நம் மக்கள் வாக்குப் போட்டு அனுப்பிய ஒருவர் போய் அமர 1977 வரை காத்திருக்க வேண்டி வந்தது.

அந்த இடைவெளியில்தான் 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று பங்கு போட்டார்கள். நம்மிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதனால் இன்று நம் பிரதிநிதி ஒரு கேள்வி கேட்கிறார் என்றால் அதை அலட்சியம் செய்யக்கூடாது. அதே நேரத்தில், கேட்டதோடு கடமை முடிந்தது என்று அவரை விட்டுவிடவும் கூடாது.

கைத்தொழில் வலயத்தை எடுத்துக்கொள்வோம். கட்டுநாயக்க வலயம் 1978இல் தொடங்கியது. பின்னர் பியகம, கொக்கல, சீதாவாக்க என்று பல வந்தன. நுவரெலியா மாவட்டத்தில் அப்படி ஒரு பெரிய வலயம் இல்லை. நம் பிள்ளைகள் கட்டுநாயக்கவுக்கும் கொழும்புக்கும் போய் வாடகை அறையில் இருந்து உழைக்கிறார்கள். ஆகவே வேலை ஊருக்கு வர வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. ஆனால் "வலயம் எப்போது வரும்?" என்று மட்டும் கேட்டால், "பரிசீலனையில் உள்ளது" என்று அமைச்சர் சொல்லிவிட்டு உட்காரலாம். கேள்வியை இன்னும் இறுக்க வேண்டும்.

முதலாவது, எந்தக் காணியில்? 1992இல் தோட்ட நிர்வாகம்தான் தனியார் கம்பனிகளுக்குப் போனது. காணி போகவில்லை. அது அரசுக்குச் சொந்தம். கம்பனிகள் 53 வருடக் குத்தகைக்கு வைத்திருக்கின்றன. அந்தக் குத்தகை 2045இல் முடிகிறது. வலயம் என்றால் தட்டையான இடம் வேண்டும், தார்ப்பாதைக்குப் பக்கமாக இருக்க வேண்டும், தண்ணீரும் மின்சாரமும் வேண்டும். நம் மாவட்டத்தில் அப்படிப்பட்ட இடம் பெரும்பாலும் தோட்டக் காணிதான். அதில் லயம் இருக்கும், பிள்ளை மடுவம் இருக்கும், கோயில் இருக்கும், நாம் கொத்திப் பயிரிட்ட மரக்கறித் துண்டும் இருக்கும். நம்மில் பெரும்பாலானோர் கையில் குடியிருக்கும் இடத்துக்கு உறுதிப்பத்திரம் இல்லை. நாளைக்கு அந்தக் காணியை அரசு திருப்பி எடுத்து ஒரு முதலீட்டாளருக்குக் கொடுத்தால், கம்பனிக்குக் குத்தகை நட்டஈடு கிடைக்கலாம். நாலு தலைமுறையாக அங்கே இருக்கும் குடும்பத்துக்கு என்ன கிடைக்கும்? ஆகவே உறுப்பினர் கேட்க வேண்டிய கேள்வி இப்படி இருக்க வேண்டும்: "வலயத்துக்கு அடையாளம் கண்ட காணியில் எத்தனை குடும்பங்கள் இருக்கின்றன? அவர்களுக்கு உறுதியோடு காணி கொடுத்த பிறகுதான் வேலை தொடங்குமா?"

இரண்டாவது, என்ன சம்பளத்துக்கு? 2026 ஜனவரி முதல் நாட்டின் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபா. 2026 வரவு செலவுத் திட்டத்தில் தோட்டத் தொழிலாளிக்கு நாட்சம்பளம் 1,550 ரூபாவும், அதற்கு மேல் அரசு கொடுக்கும் வருகைக் கொடுப்பனவு 200 ரூபாவும் என்று அறிவித்தார்கள். அந்தக் கணக்கில் 25 நாள் பெயர் விழுந்தால் 43,750 ரூபா. தோட்டத்தில் 25 நாள் வேலை கொடுக்கிறார்களா, கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பெயர் போடுகிறார்களா என்பது தனிச் சண்டை. ஆனால் வெறும் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு ஆள் பிடிக்க ஒரு வலயம் வந்தால், அது நம் பிள்ளைகளுக்கு முன்னேற்றம் ஆகாது.

மூன்றாவது, சங்கம் வைக்க உரிமை உண்டா? 2011 மே மாதத்தில் தனியார் துறை ஓய்வூதியச் சட்டமூலத்தை எதிர்த்துக் கட்டுநாயக்க வலயத் தொழிலாளர் வீதிக்கு வந்தார்கள். பொலிஸ் சுட்டதில் ஓர் இளம் தொழிலாளி உயிரை விட்டார். அரசு அந்தச் சட்டமூலத்தைக் கைவிட்டது. ஊழியர் சேமலாப நிதி அவர்களுக்கும் நமக்கும் ஒன்றுதான். அவர்கள் போராடித் தடுத்தது நம் பணத்தையும் காத்தது. நம் பிள்ளை வேலைக்குப் போகும் இடத்தில் சங்கத்துக்கு வாசல் திறந்திருக்க வேண்டும் என்பதையும் கேள்வியில் சேர்க்கச் சொல்ல வேண்டும்.

அடுத்தது உட்கட்டமைப்பு. தோட்டத்துப் பாதை உடைந்தால் துரை, "அது பிரதேச சபை வேலை" என்பார். பிரதேச சபை, "அது தோட்டத்துக்குள் இருக்கிறது" என்று சொல்லும். இந்த இழுபறிக்கு ஒரு சட்டக் காரணம் இருந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபைப் பணத்தைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடத் தடையாக இருந்தது. நாமும் வாக்குப் போட்டுத்தான் சபை அமைந்தது. ஆனால் அந்தச் சபை நமக்கு ஒரு கல்வெட்டுப் பாலம் போட முடியாமல் இருந்தது. 31 வருடத்துக்குப் பிறகு 2018இல்தான் அந்தப் பிரிவைத் திருத்தினார்கள். அதே காலத்தில் நம் மாவட்டத்தில் மஸ்கெலியா, நோர்வூட், கொட்டகலை, அக்கரபத்தனை என்று புதிய சபைகள் வந்தன. 2018ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டத்தில் பெருந்தோட்டப் பிராந்தியப் புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபையும் வந்தது.

சட்டத் தடை போய்விட்டது. அப்படியென்றால் இனிமேல் யாரும் "எங்கள் வேலை இல்லை" என்று சொல்ல முடியாது. 2018க்குப் பிறகு ஒவ்வொரு சபையும் தோட்டங்களுக்குள் எத்தனை கிலோமீட்டர் பாதை போட்டது, என்ன செலவு, கொந்தராத்து யாருக்கு என்ற கணக்கு வெளியே வர வேண்டும். 1990 அம்புலன்ஸ் தார்ப்பாதையோடு நின்றுவிட, நிறைமாதக் கர்ப்பிணியை நாற்காலியில் தூக்கிக்கொண்டு இறங்கும் ஊர்களுக்கு, "பாதை அபிவிருத்திக்கு நிதி ஒதுக்கப்பட்டது" என்ற பதில் எதற்கு உதவும்?

பதிலைக் கணக்கெடுக்காமல் விட்டால் எவ்வளவு பெரிய விலை கொடுக்க வேண்டி வரும் என்பதற்கு மீரியபெத்த சாட்சி. கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மலை சரிந்து லயன்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, அறிக்கை இருந்தது. "எச்சரித்தீர்களே, மாற்று இடம் எங்கே?" என்று வருடா வருடம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தால் அந்த மக்களுக்கு வேறு இடம் கிடைத்திருக்கலாம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்தபோது நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்கள் மறுபடி மண்ணுக்குள் போனதைப் பார்த்தோம். ஒவ்வொரு தோட்டத்திலும் எந்த லயன் சிவப்பு வலயத்தில் இருக்கிறது, அவர்களுக்குக் காணி எங்கே, எந்த மாதம் கொடுப்பீர்கள் என்பது இன்றைக்கே கேட்க வேண்டிய கேள்வி.

இப்போது பாராளுமன்றத்தில் நம் மாவட்டத்துக்கு 8 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். 2024 நவம்பர் தேர்தலில் 5 இடங்கள் தேசிய மக்கள் சக்திக்குப் போயின. மற்ற மூவர் பழனி திகாம்பரம், வே. இராதாகிருஷ்ணன், ஜீவன் தொண்டமான். இந்த மூவரும் முந்திய அரசுகளில் அமைச்சுப் பதவி வகித்தவர்கள். மலைநாட்டுப் புதிய கிராமங்கள், தோட்ட உட்கட்டமைப்பு என்ற அமைச்சுகள் நம் தலைவர்கள் கையிலேயே இருந்தன. ஆகவே இன்று எதிரணியில் இருந்து கேட்கும்போது, தாங்கள் விட்டுப்போன இடம் எது, எத்தனை வீடு முடிந்தது, எத்தனை பாதியில் நிற்கிறது என்ற கணக்கோடு கேட்க வேண்டும். அப்போதுதான் அமைச்சர், "நீங்கள் செய்யாததையா எங்களிடம் கேட்கிறீர்கள்?" என்று சொல்லித் தப்ப முடியாது.

ஆளும் கட்சியும் தப்ப முடியாது. 2023 ஒக்டோபரில் ஹட்டனில் கூடி மலையக மக்களுக்காகப் பிரகடனம் வெளியிட்டவர்கள் அவர்கள். நம் மாவட்டத்திலும் பதுளையிலும் மலையகத் தமிழ் உறுப்பினர்களை வெல்ல வைத்தவர்கள். அரசாங்கப் பக்கம் இருப்பதால் கேள்வி கேட்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. நாட்சம்பளத்தில் 200 ரூபா இப்போது திறைசேரியில் இருந்து வருகிறது. மக்கள் பணம் என்பதால் அது எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது, எந்தக் கம்பனி எத்தனை நாள் பெயர் கொடுத்தது என்பது இனி பாராளுமன்றத்தின் கேள்வி. கம்பனிகளில் அரசுக்குத் தங்கப் பங்கும் இருக்கிறது. அதை வைத்துக் கணக்கைப் பார்க்க அரசுக்கு உரிமை உண்டு. பார்த்தார்களா என்று இரண்டு பக்க உறுப்பினர்களும் கேட்கலாம்.

இனி நம் வேலை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நமக்கும் உரியது. பிரதேச சபைக்கோ, பிரதேச செயலகத்துக்கோ, அமைச்சுக்கோ தமிழில் ஒரு கடிதம் எழுதி, தகவல் அலுவலரிடம் விவரம் கேட்கலாம். எழுத முடியாதவர் வாயால் சொன்னாலும் அவர் எழுதிக்கொள்ள வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேல்முறையீடு உண்டு, அதற்கு மேல் ஆணைக்குழுவும் உண்டு.

ஒவ்வொரு தோட்டத் தலைவரும் தலைவியும் ஒரு கொப்பி வைக்க வேண்டும். அதில் தோட்டத்தின் பெயர், பிரிவு, பாதையின் நீளம், லயன் எண், குடும்பங்களின் தொகை, யாரிடம் எந்தத் திகதியில் கேட்டோம், என்ன பதில் வந்தது என்று எழுதுங்கள். அதன் பிரதியை நம் மாவட்ட உறுப்பினர்கள் 8 பேருக்கும், கட்சி பார்க்காமல், அனுப்புங்கள். யார் அதைக் கேள்வியாக்கினார், யார் அலுமாரியில் போட்டார் என்பதையும் அதே கொப்பியில் எழுதுங்கள். அமைச்சர் தவணை சொன்னால் அந்தத் திகதியைச் சிவப்பு மையில் குறியுங்கள். திகதி வந்ததும் அதே கேள்வியை மறுபடி அனுப்புங்கள். சங்கமும் உங்கள் சந்தாவில் நடப்பதுதான். நாங்கள் அனுப்பிய கடிதங்களுக்கு என்ன ஆனது என்று எங்களிடமும் கேளுங்கள்.

நாட்டில் 100க்கு 14 பேர் வறுமையில் இருந்த 2019இல், தோட்டங்களில் 100க்கு 33 பேருக்கு மேல் வறுமையில் இருந்தோம் என்பது அரசின் சொந்தக் கணக்கு. அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு எந்தக் கட்சி லயத்து வாசலுக்கு வந்தாலும், அந்தக் கொப்பியைத் திறந்து முன்னால் வையுங்கள்.