வானொலிச் சத்தம் கூடுகிறதா?

"அப்பாவுக்கு வயசாயிடுச்சு, அதான் மறக்கிறாரு." பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையிலும் கிள்ளான் லிட்டில் இந்தியாவிலும் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. உப்பு போட்டோமா என்று குழம்புவது நம் எல்லோருக்கும் உண்டு. ஆனால், 40 வருடமாக வைத்த மீன் குழம்பில் அடுத்து என்ன போடுவது என்று தெரியாமல் அம்மா அடுப்பருகே திகைத்து நிற்பது வேறு. அது வயது அல்ல. டிமென்ஷியா என்ற மறதி நோயாக இருக்கலாம்.

2018 தேசிய சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருக்கக்கூடும்.

தோட்டத்தில் உழைத்த பெரியவர்கள் சிலர் விடியற்காலை 4 மணிக்கு எழுந்து, "பெரட்டுக்கு நேரமாச்சு" என்று கதவைத் திறப்பார்கள். அது பிடிவாதம் இல்லை. இந்நோயில் அண்மைய நினைவுகள்தான் பெரும்பாலும் முதலில் அழிகின்றன. பழையவை நீண்ட காலம் நிற்கின்றன. "தோட்டமே இப்ப இல்லையே" என்று வாதாடாதீர்கள். "இன்னும் மணி அடிக்கலப்பா, தே குடிச்சிட்டுப் போகலாம்" என்று உட்கார வையுங்கள்.

சரி, தடுக்க முடியுமா? 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அவற்றைச் சரிசெய்தால், உலகில் சுமார் 45 விழுக்காட்டு டிமென்ஷியாவைத் தவிர்க்கலாம் அல்லது தள்ளிப்போடலாம் என்றது.

அதில் முன்வரிசையில் நிற்பவை இரண்டு: காது கேளாமை, கெட்ட கொழுப்பு. வானொலிக்காரி நான் சொல்கிறேன், வீட்டில் வானொலிச் சத்தம் மாதத்துக்கு மாதம் கூடினால் கவனியுங்கள். காது மந்தமானால் பேச்சு குறையும். பேச்சு குறைந்தால் மனிதர் தனித்துப் போவார். தனிமையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. காதுக்கருவி போடுவது வெட்கப்பட வேண்டிய விஷயமா? கண்ணாடி போடுகிறோமே!

அடுத்தது இனிப்பு நீர். 2019 ஆய்வில் வயதுவந்த மலேசிய இந்தியர்களில் 100 பேரில் சுமார் 31 பேருக்கு அது இருந்தது. இனிப்பு நீரும் இரத்தக் கொதிப்பும் மூளைக்குப் போகும் சிறு இரத்தக் குழாய்களைக் கெடுக்கும். நாற்பதுகளிலேயே கட்டுப்படுத்தினால் எழுபதில் பலன். புகையை விடுங்கள். தினமும் நடங்கள்.

மறதி தெரிந்தால் அருகிலுள்ள சுகாதார கிளினிக்கிற்கு அழைத்துச் செல்லுங்கள். எல்லா மறதியும் டிமென்ஷியா அல்ல. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு ஆகியவையும் மறதி தரும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. டிமென்ஷியாதான் என்றால், முழுக் குணம் இன்னும் இல்லை. ஆனால், அப்பா தெளிவாக இருக்கும்போதே வீடு, பணம், பராமரிப்பு பற்றி அவர் விருப்பத்தைக் கேட்டுக்கொள்ள அவகாசம் கிடைக்கும். பராமரிப்பவர்களுக்கு வழிகாட்ட பெட்டாலிங் ஜெயாவில் மலேசிய அல்சைமர் நோய் அறநிறுவனம் இருக்கிறது.

இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா அப்பாவோடு பேசுங்கள். ஒரே கேள்வியைப் பத்தாவது முறை கேட்டாலும், முதல் முறைபோலவே பதில் சொல்லுங்கள். அவர்களுக்கு அது முதல் முறைதான்.